கெலாபு நல்லுசாமியும் எண்பத்தேழு படியும்

நல்லுசாமி வீடு எது என்று கேட்டால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்தில் யாரும் கதவு நம்பர் சொல்வதில்லை. கூரையில் கொடி கட்டியிருக்கிற வீடு என்பார்கள். தேர்தல் வந்தால் எல்லார் கூரையிலும்தான் கொடி பறக்கும். நல்லுசாமி வீட்டில் தேர்தல் முடிந்து நாலு வருடம் கழித்தும் பறக்கும். மழையும் பனியும் தின்று தின்று, கொடியிலிருந்த குடைச் சின்னத்தில் கடைசியில் கைப்பிடி மட்டும் மிஞ்சும். தேயிலைச் சரிவைப் படம் எடுக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதைத் தூண்டில் என்று நினைத்து, இங்கே மீன் பிடிக்க இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். அன்று முழுவதும் தான் சாப்பிடவில்லை என்று நல்லுசாமி சொல்வார். இரண்டு தட்டு சாப்பிட்டார், ஆனால் பேசாமல் சாப்பிட்டார் என்று அவர் மனைவி மாரியம்மா சொல்வார்.

வயது அறுபத்தெட்டு. அதே தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் தேயிலை பேக்டரிக்குள் போனவர். கொழுந்து உருட்டும் மிஷின் பக்கத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் நின்றதில் காது கொஞ்சம் மந்தம், குரல் ரொம்பப் பெரிசு. ரகசியம் என்று அவர் சொன்னால் கீழ் லயத்தில் நாய் எழுந்து உட்காரும். ஓய்வு கொடுத்த கையோடு அதே பேக்டரி வாசலில் ஜாகா என்கிற காவல் வேலையும் கொடுத்தார்கள். வருகிற வண்டிக்குக் கட்டையைத் தூக்கிவிடுவதுதான் வேலை. ஒன்பது வருடத்தில் அவர் தூக்காமல் நிறுத்தியது ஒரே ஒரு வண்டியை. சேவல் கட்சிக் கொடி கட்டிய வேன். கொடியைக் கழற்றி மடித்து உள்ளே வைத்த பிறகுதான் கட்டை மேலே போனது. அந்த வேனில் வந்தவர்கள் பிரச்சாரத்துக்கு வரவில்லை. டிக்கெட் வாங்கித் தேநீர் குடிக்க வந்தவர்கள்.

குடைக் கட்சிமேல் அவருக்கு அப்படி என்ன பிடிப்பு என்றால், அதற்குக் கொள்கை விளக்கம் எதுவும் கிடையாது. இருபத்தோரு வயதில் முதல் ஓட்டுப் போடப் போன அன்று கொட்டுகிற மழை. கட்சி ஆள் ஒருவர் ஒரு குடையைப் பிடித்து, லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் இவரை நனையாமல் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அந்தக் குடையையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆள் பெயர் கூட நல்லுசாமிக்குத் தெரியாது. அதையும் சேர்த்துப் பதினொரு தேர்தல் வந்து போயிற்று, பதினொன்றிலும் குடை. மறந்தும் கை மாறியதில்லை. தேர்தலுக்கு ஒன்றாகச் சேர்ந்த பதினொரு குடைகளும் அலமாரிக்கு மேலே கிடக்கின்றன. முதல் குடையை மட்டும் மாரியம்மா தொடக் கூடாது. துணி வெளுத்து, இரண்டு கம்பி நொடித்து, விரித்தால் நொண்டிக் கொக்கு மாதிரி நிற்கும். மழைக்கு அதை எடுத்துப்போவதில்லை, நனைந்துவிடும் என்று.

மற்றவர்கள் அரசியலும் இதைவிடக் கனமானது இல்லை. ரோட்டோரத்தில் வடைக் கடை வைத்திருக்கும் லூர்தம்மாள் குடும்பம் சேவலுக்குப் போடும். சேவல் பைபிளில் வருகிறது என்பது அவர் காரணம். "அது எந்த எடத்துல கூவுதுன்னு படிச்சுப் பாத்தியா தாயி?" என்று நல்லுசாமி கேட்பார். "எங்க கூவுனா என்னண்ணே, கூவுச்சுல்ல" என்பார் லூர்தம்மாள். நல்லுசாமி விடமாட்டார். "நாங்க முனீஸ்வரனுக்குச் சேவலை அறுக்குற ஆளுங்க. அறுக்குறதுக்கு ஓட்டுப் போட்டா சாமிக்கு யாரு பதில் சொல்றது?"

இவ்வளவு தீர்மானமாக இருக்கிற தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும் வெறும் வாயோடு அனுப்புவதில்லை. தேத்தண்ணி கொடுப்பார்கள். கூடவே ஒரு வாக்கும் கொடுப்பார்கள். குடை வந்தால் "கண்டிப்பா ஒங்களுக்குத்தான்." சேவல் வந்தாலும் "கண்டிப்பா ஒங்களுக்குத்தான்." இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மழையில் எண்பத்தேழு படி ஏறி வந்தவனைப் பார்த்து "உனக்கு இல்லை" என்று எப்படிச் சொல்வது? நல்லுசாமி ஒருவர்தான் சேவல்காரர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புவார். அதிலும் சீனி குறைவாக.

அந்த எண்பத்தேழு படிதான் விஷயம்.

மேல் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க அது ஒன்றுதான் வழி. எந்தக் காலத்துத் துரை கட்டியதோ, சிமெண்டுப் படி, பாசி பிடித்து வழுக்கும். ஏறுகிறவருக்கு வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் தேயிலைச் செடி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. பதினாலு மாதத்துக்கு முன்னால் மாரியம்மாவுக்கு வலது முட்டியில் ஆபரேசன் ஆனது. அதோடு அவர் லயத்திலேயே மாட்டிக்கொண்டார். பேக்டரி லோரி போகிற மண்பாதை மலையைச் சுற்றி மேலே வரும். அதில் ஒரு தடவை உட்கார்ந்து போய் வந்ததில் முட்டியோடு இடுப்பும் பிடித்துக்கொண்டது. பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி, பிடித்ததைப் பிடித்த கையால் எடுத்து வாங்கிப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. இப்போது அவருக்கு வேண்டியதெல்லாம் நல்லுசாமிதான் வாங்கி வருகிறார். தலை வாருவதற்கு நெருக்கமான பல் வைத்த சீப்பு வேண்டும் என்று கேட்டு நாலு சீப்பு வந்துவிட்டது. நாலும் குதிரைக்கு வாருகிற மாதிரி.

"கடையில இது ஒண்ணுதான் இருந்துச்சு மாரி."

"ஒரு டவுனு முழுக்க ஒரே சீப்பா? ஒரு கம்பி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, நானே போய்ப் பாத்துக்கிறேன்."

சொல்லாமல் இல்லை. தோட்டத்து ஆபீஸில் கேட்டால் படி ஊருக்குப் பொது, கவுன்சிலைக் கேள் என்றார்கள். கவுன்சிலில் கேட்டால் நிலம் தோட்டத்துடையது, ஆபீஸைக் கேள் என்றார்கள். படியைத் தங்களுடையது என்று சொல்ல ஆள் இல்லாமல் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. பன்னிரண்டு நாள் பிரச்சாரம். முதல் நாளே இரண்டு கட்சியும் லயத்துக்கு வந்து, தேத்தண்ணியும் வாக்கும் வாங்கிக்கொண்டு போயின. இறங்கிப்போன இரண்டு கட்சி ஆட்களும் லூர்தம்மாள் கடையில் வடை தின்றார்கள். குடைக் கட்சிக்கு தனேஸ், சேவலுக்கு ரொனால்ட். இரண்டு பேரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கை கழுவப் போகும்போது பெயர்ப் பட்டியலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். லூர்தம்மாள் எட்டிப் பார்த்தார். இரண்டு பட்டியலிலும் மேல் லயத்தின் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு காலி வட்டம்; ரொனால்ட் பட்டியலில் நல்லுசாமிக்கு மட்டும் முழுக்க அடித்த வட்டம்.

"இது என்னா தம்பி, வட்டம் வட்டமா?"

"அது ஒண்ணுமில்ல ஆண்டி," என்றான் தனேஸ். "காலி வட்டம்னா வெள்ள, நம்ம ஆளு. முழுக்க அடிச்சிருந்தா கறுப்பு, எதிராளி. பாதி அடிச்சிருந்தா கெலாபு."

கெலாபு என்றால் மலாயில் சாம்பல் நிறம்.

"கெலாபுன்னா?"

"இன்னும் முடிவு பண்ணாதவங்க. அவங்க வீட்டுக்குத்தான் வேட்பாளர் ஒய்பியே நேரா போவாரு, என்னா வேணும்னு கேட்டுச் செய்வாரு. கோலா தெர்லா பக்கம் ஒரு லைன் முழுக்க கெலாபு. அங்க பஸ் நிக்கிற எடத்துக்குக் கூரை போட்டாச்சு."

"அப்ப வெள்ளைக்கு?"

"வெள்ளைக்கு எதுக்கு ஆண்டி? அவங்கதான் போட்டுருவாங்களே."

லூர்தம்மாள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. எண்ணெயில் ஆறு வடை கருகின. நாற்பது வருடமாக இரண்டு கட்சிக்கும் வாக்குக் கொடுத்துக் கொடுத்து, இரண்டு கட்சிக்கும் மேல் லயம் வெள்ளையாகவே இருந்து வந்திருக்கிறது. ஒரு செங்கல் கூட மேலே ஏறாததற்குக் காரணம் இந்த மரியாதைதான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போய் வந்த பிறகு, லயத்து மண்டபத்தில் லூர்தம்மாள் பாடம் நடத்தினார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இன்னையிலேருந்து நாம எல்லாரும் கெலாபு. மாரியம்மா எறங்குறதுக்குக் கம்பி வர்ற வரைக்கும் யாரும் வாய விட்டுறாதீங்க. இப்ப நான் கட்சி ஆளு. அம்மா, வணக்கம், இந்தத் தடவ யாருக்கு ஓட்டு?"

"கண்டிப்பா ஒங்களுக்குத்தான்" என்றது மண்டபம்.

"இன்னொரு தடவ."

மூன்று தடவை ஆனது. கடைசியில் சொல்லத்தக்க பதில்கள் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்: பாப்போம், யோசிக்கிறேன், வீட்டுல கேக்கணும். மூன்றாவது நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் மனைவியைக் கேட்கவேண்டும் என்பார், மனைவி வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும் என்பார். கட்சி ஆள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருப்பான்.

எல்லாரும் திரும்பி நல்லுசாமியைப் பார்த்தார்கள்.

"என்னா பாக்குறீங்க? நான் பொய் சொல்ல மாட்டேன்," என்றார் அவர். "பதினோரு எலக்சன். என்னையப் போய் யோசிக்கச் சொல்றீங்களா?"

"அண்ணே, நீங்க வெள்ளையா நின்னா அவனுங்க நம்ப மாட்டானுங்க. ஒங்க கொடி அங்க பறக்குது, நாங்க இங்க யோசிக்கிறோம்னா சிரிப்பானுங்க."

"பொய் சொல்ல மாட்டேன்னா மாட்டேன்."

மாரியம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "பரவால்ல, விடு லூர்து. அவரு உண்மைய மட்டும்தான் பேசுவாரு. டவுனு முழுக்க ஒரே சீப்புதான் இருக்குன்னு சொன்னவரு."

அன்று சாயங்காலம் நல்லுசாமி ஏணி வைத்துக் கூரை ஏறினார். கொடியை அவிழ்த்து இறங்குவதற்கு அரை மணி நேரம் ஆனது. லயமே வெளியே வந்து பார்த்தது. மடித்த கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே போனதைப் பார்த்த ஒருவர் சாவு வீட்டில் மாதிரி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், என்ன ஆனது என்று தெரியாமலே.

மறுநாள் தனேஸ் மேலே வந்தான். மூச்சு வாங்க உட்கார்ந்து, வழக்கம்போல் பட்டியலைப் பிரிக்காமலே, "அங்கிள், உங்க வீட்ட நான் கேக்கவே தேவையில்ல" என்று சிரித்தான்.

நல்லுசாமி தொண்டையைச் செருமினார். "தம்பி, என் உயிரு இருக்குற வரைக்கும்..."

அடுப்படியில் ஒரு தம்ளர் விழுந்தது.

"...யோசிக்கிறேன்."

"என்னா அங்கிள்?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்." குரல் பெரிசாகையால் அதைப் பக்கத்து நாலு வீடும் கேட்டன. வேர்த்துக் கொட்டியது. பொய் சொல்லி முடித்தவுடன் பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் அவசரம் வந்தது. கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார். தனேஸ் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து போனான். படியிலிருந்து அவன் போனில் பேசியது மேலே கேட்டது.

"அண்ணே, மோசம். நல்லுசாமி அங்கிளே கெலாபு ஆயிட்டாரு. இல்லண்ணே, குடிக்கல. கூரையில கொடியக் காணோம்."

அதற்கு இரண்டாம் நாள் குடைக் கட்சி வேட்பாளரே வந்தார். எண்பத்தேழு படியும் ஏறி, நல்லுசாமி வீட்டு நாற்காலியில் சாய்ந்து, பேச முடியாமல் கையால் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "ஐயா, என்ன குறை, சொல்லுங்க" என்றார். நல்லுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து மாரியம்மா குரல் வந்தது: "படி ஏறுனீங்களே, கைக்கு ஏதாச்சும் கெடச்சுதா?"

வேட்பாளர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பாசி. நாளைக்கே கம்பி வேலை தொடங்கும் என்றார்.

குடைக் கட்சி கம்பி போடப்போகிறது என்று தெரிந்ததும் ரொனால்ட் ஓடி வந்தான். எல்லா வீட்டிலும் பாப்போம், யோசிக்கிறேன், வீட்டுல கேக்கணும். நல்லுசாமி வீட்டில் மட்டும் தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது. சேவல்காரனுக்கு அந்த வீட்டில் அது முதல் தடவை. ரொனால்ட் அந்த ஒரு கிளாஸ் தேத்தண்ணியை வைத்து, மேல் லயம் நம் பக்கம் சாய்கிறது, நாமும் கம்பி போடவேண்டும் என்று தலைமையிடத்துக்கு எழுதினான்.

இரும்பு ஒட்டுவதற்கு அந்தப் பக்கம் மலை ஏற ஒப்புகிற ஆள் ஒருவர்தான். பிரிஞ்சாங் முனியாண்டி. தனேஸும் அவரைத்தான் பிடித்தான், ரொனால்டும் அவரைத்தான் பிடித்தான். முனியாண்டி இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு வழி சொன்னார். "ரெண்டு பேரும் முழுசாப் போட்டா நடக்க எடம் இருக்காது. காலையில குடைக்குக் கீழேருந்து பாதி. மத்தியானம் சேவலுக்கு மேலேருந்து பாதி. நடுவுல சேத்துருவோம். ரெண்டு பேரும் நாங்கதான் போட்டோம்னு சொல்லிக்கலாம்." இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. போட்டோ எடுக்கவேண்டும், ஆகையால் காலையில் குடை டீசட்டை, மத்தியானம் சேவல் டீசட்டை. முனியாண்டி மதியம் பன்னிரண்டரைக்கு லூர்தம்மாள் கடையில் வடை தின்றபடி கட்சி மாறுவார். சட்டை மாற்றும்போது யாரும் பார்க்காமல் திரும்பிக்கொள்வது கடையில் வழக்கமானது.

காலையில் கீழேயிருந்து ஏறிக்கொண்டே கம்பி நடுவார். மத்தியானம் லோரி பிடித்து மண்பாதையில் சுற்றிக்கொண்டு மேலே போய், அங்கேயிருந்து இறங்கிக்கொண்டே நடுவார். தனேஸ் மேல் பாதியைப் போய்ப் பார்க்கவில்லை. எதிராளி வேலையைப் பார்த்து நின்றால் என்ன நினைப்பார்கள். ரொனால்ட் கீழ்ப் பாதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; தினமும் மேலே வருவதற்கு அவனும் லோரியில்தான் வந்தான். நடுப்படியில் எப்போதும் மூடுபனி. லயத்துக்காரர்களோ வேலை நடக்கும்போது படியை மறிக்கக் கூடாது என்று மண்பாதையில் போய் வந்தார்கள், கெலாபுவுக்கு ஏதும் இடைஞ்சல் வந்துவிடப் போகிறது என்று.

இதற்கிடையில் நல்லுசாமி யோசித்துக்கொண்டே இருந்தார். அதுதான் மாரியம்மாவுக்குக் கவலையாகப் போனது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை மனிதர் வேலையாக எடுத்துக்கொண்டார். பேக்டரி வாசலில் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்ததில் ஏழு கார் போன பிறகும் கட்டை இறங்கவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டு, "ஏன் மாரி, சேவக்காரன் போன தடவ பள்ளிக்கூடத்துக்குத் தண்ணித் தொட்டி வச்சான்ல?" என்றார். இன்னொரு நாள், "இந்தக் குடைப் பய எனக்குப் பதினோரு குடை குடுத்தான், ஒண்ணுகூட ரெண்டு மழைக்குத் தாங்கல பாத்தியா?" என்றார். நாற்பத்தேழு வருடம் பூட்டி வைத்த மூளை ஒன்று திறந்துவிட்டது. மூடத் தெரியவில்லை.

வாக்களிப்புக்கு முதல் நாள் சாயங்காலம் முனியாண்டி மேலேயிருந்து இறங்கி நாற்பத்து நாலாம் படியில் வந்து நின்றார். கடைசிக் கம்பியைச் சேர்க்கக் கை நீட்டினார். சேர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

குடைக் கம்பி அந்தப் பக்கம், பள்ளத்து ஓரத்தில் முடிந்திருந்தது. சேவல் கம்பி இந்தப் பக்கம், செடி ஓரத்தில் முடிந்திருந்தது. இடையில் ஆறடி அகலத்துக்கு வெறும் படி.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். முப்பது வருடமாக அவர் தன் வலது கைப் பக்கமாகவே வைத்து வேலை செய்து பழகியவர். கீழேயிருந்து ஏறும்போது வலது கைக்குப் பள்ளம் இருந்தது. மேலேயிருந்து இறங்கும்போது அதே வலது கைக்குச் செடி இருந்தது. மனிதர் ஒருவர்தான், கையும் ஒன்றுதான், படிதான் திரும்பிக்கொண்டது.

"நீ எந்தக் கட்சிடா?" என்று மேலேயிருந்து ரொனால்ட் கத்தினான்.

"மணி அஞ்சரை ஆச்சு. இப்ப எந்தக் கட்சியும் இல்ல," என்றார் முனியாண்டி. இரும்பும் தீர்ந்துவிட்டிருந்தது.

செய்தி மேலே போனது. மாரியம்மா நாளைக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த சேலையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப நடுவுல நான் என்னா, பறந்து போறதா?"

நல்லுசாமி அலமாரிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தூறல். மாரியம்மா நீலச் சேலை கட்டி, பதினாலு மாதத்துக்குப் பிறகு முதல் படியில் கால் வைத்தார். வலது கை சேவல் கம்பியில். முன்னால் நல்லுசாமி, கையில் தன் முதல் குடையோடு. பின்னால் லூர்தம்மாளும் லயத்தில் பாதிப் பேரும். முட்டி பிடித்தது, ஆனால் கம்பியும் பிடித்தது. நாற்பத்து நாலாம் படிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே தனேஸும் ரொனால்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்டி, என் கையப் பிடிங்க."

"ஆண்டி, அவன் இழுத்துருவான், இப்படி வாங்க."

மாரியம்மா இரண்டு கையையும் பார்த்தார். "ரெண்டு பேரும் தள்ளுங்கப்பா. நேத்து வரைக்கும் அளந்து பாக்காத கைங்க." நல்லுசாமி குறுக்கே போய் நின்று, மடக்கிய குடையை நீளமாக நீட்டினார். ஒரு முனை அவர் கையில், மறு முனை மாரியம்மாவுக்கு.

"அங்கிள், நிறுத்துங்க," என்றான் ரொனால்ட். "அதுல கட்சிப் பேரு இருக்கு, சின்னம் இருக்கு. ஓட்டு நாள்ல சின்னம் காட்டக் கூடாது. நேத்தோட பிரச்சாரம் முடிஞ்சிருச்சு."

"இது பிரச்சாரம் இல்லடா, முட்டிவலி," என்றார் லூர்தம்மாள்.

"சட்டம்னா சட்டம்தான் ஆண்டி. நான் புகார் குடுப்பேன்."

"குடுக்கட்டும் அங்கிள்," என்றான் தனேஸ் குஷியாக. "நீங்க நல்லா விரிச்சே பிடிங்க."

மாரியம்மாவின் ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். "சட்டம் பேசுறதுக்கு இதுவா எடம்? காலு நடுங்குதுங்க."

நல்லுசாமி மனைவியின் காலைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். வெளுத்த துணியில் அந்த அடையாளம் இன்னும் லேசாகத் தெரிந்தது. மழைக்குக்கூட வெளியே எடுக்காத துணி. அதன் ஓரத்தைப் பல்லில் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கிழிகிற சத்தம் பெரிதாகக் கூட இல்லை; பழைய துணி, காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்துவிட்டது. கிழித்ததைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். கையில் மிஞ்சியது மடங்கிய கம்பிகளோடு ஒரு கம்பு, ஒரு வளைந்த பிடி.

"இது எந்தக் கட்சிச் சின்னம்?" என்று ரொனால்டைக் கேட்டார்.

ரொனால்ட் உற்றுப் பார்த்தான். "தூண்டில் மாதிரி இருக்கு அங்கிள்."

மாரியம்மா வளைந்த பிடியைப் பிடித்து, நாலு எட்டு வைத்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். இடது கை குடைக் கம்பியில் பட்டதும் ஒரு பெருமூச்சு விட்டார். மீதி நாற்பத்து மூன்று படியையும் யாரையும் கேட்காமல் இறங்கினார்.

தமிழ்ப்பள்ளியில் ஓட்டுப் போட இரண்டு அறைகள், இரண்டு சாலுரான், போட்டிருந்தார்கள். முதல் சாலுரான் வரிசை வயதானவர்களுக்கு, இரண்டாவது இளசுகளுக்கு. மாரியம்மா உள்ளே போய், இடது ஆள்காட்டி விரலில் மையோடு ஒரு நிமிடத்தில் வெளியே வந்தார். நல்லுசாமி உள்ளே போனார். தடுப்புக்குப் பின்னால் நின்றார். பேனாவை எடுத்தார். தாளில் மேலே குடை, கீழே சேவல். பதினொரு தடவை யோசிக்காமல் போன கை, இந்தத் தடவை பாதி வழியில் நின்றது. வரிசை வளர்ந்தது. ஓர் அதிகாரி இருமினார். இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் தடுப்புக்குக் கீழே தெரிந்த நல்லுசாமியின் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு அசையவில்லை.

"பாக்சிக், சுடா?" என்று கேட்டார் அதிகாரி, பெரியவரே, முடிந்துவிட்டதா என்று.

"யோசிக்கிறேன்," என்றார் நல்லுசாமி உரக்க, தமிழில். வெளியே வராந்தாவில் மேல் லயம் தலையில் கை வைத்தது.

எட்டு நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தார். உருட்டு மிஷினுக்குள் போய் வந்த கொழுந்து மாதிரி இருந்தார்.

சாயங்காலம் முதல் சாலுரான் எண்ணிக்கை வெளியே வந்தது. குடைக்கு நாற்பத்தேழு. சேவலுக்கு நாற்பத்தேழு. செல்லாத ஓட்டு ஒன்று. இரண்டு சின்னத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டின்மேல், ரொம்பக் கவனமாக, இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கும்படி ஒரு பெருக்கல் குறி. கட்சி முகவர்களாக உள்ளே உட்கார்ந்திருந்த தனேஸும் ரொனால்டும் அதைப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். தொகுதியில் யார் ஜெயித்தார்கள் என்பது மேல் லயத்தில் இரண்டு நாள் கழித்துத்தான் பேச்சுக்கு வந்தது.

நடுப்படிக்குக் கம்பி போட யாரும் வரவில்லை. தேர்தல் முடிந்துவிட்டதல்லவா. முனியாண்டி தானே வந்து சும்மா போட்டுத் தருவதாகச் சொன்னார். லூர்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்ணே. அடுத்த எலக்சனுக்கு நாங்க எதுக்கு யோசிக்கிறதாம்?"

அடுத்த சனிக்கிழமை மாரியம்மா பிரிஞ்சாங் போனார். நல்லுசாமி நாற்பத்து நாலாம் படி வரைக்கும் கொண்டுவந்து, கம்பை நீட்டி அக்கரை சேர்த்துவிட்டு, அங்கேயே காத்திருந்தார். மத்தியானம் போனவர் சாயங்காலம், மூடுபனி இறங்கும் நேரத்தில், ஒரு பையோடு ஏறி வந்தார். வலது கை கம்பியில். முகத்தில் டவுன் பார்த்த களை.

நடுப்படியில் கம்பின் பிடியைப் பிடித்தார். ஓரடி வைத்தார். நின்றார்.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. அந்தச் செல்லாத ஓட்டு நீங்கதானே?"

நல்லுசாமி கம்பைத் தளர விடாமல் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். "யோசிக்கிறேன் மாரி."

"யோசிங்க, யோசிங்க."

அடுத்த அடி வைக்கும்போது பை சாய்ந்து, வாங்கி வந்த சீப்பு வெளியே எட்டிப் பார்த்தது. பெரிய பல். குதிரைக்கு வாருகிற மாதிரி. வீட்டில் கிடக்கிற நாலுக்கும் கூடப் பிறந்தது.

நல்லுசாமி சீப்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க," என்றார் மாரியம்மா. "பாதி வழியில நிக்கிறேன்."